டப்பாவைத் திறக்காதீங்க, லைட்டை நகர்த்துங்க

பழைய காசை பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வெச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுற நண்பர்களே, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். நீங்க அனுப்புற போட்டோவுல எனக்குத் தெரியறது மூணு விஷயம். உங்க ரூம் டியூப்லைட், உங்க மொபைலோட பின்பக்கம், உங்க கட்டைவிரல். காசு மட்டும் தெரியல.

இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையான்னு கேப்பீங்க. கேளுங்க. ஆனா நாம படிக்கிற ஊர் சேதராப்பட்டு. இங்கேர்ந்து பஸ் பிடிச்சா கொஞ்ச நேரத்துல பாண்டிச்சேரி. இந்த ஊருக்குன்னு தனியா காசு அடிச்சிருக்காங்க, அதுல தமிழ்லயே ஊர் பேரைப் போட்டிருக்காங்க. அந்தக் காசு இன்னும் பல வீடுகள்ல சாமி ரூம் டப்பாவுலயும், பாட்டியோட சுருக்குப் பையிலயும், யாரோ சேகரிப்பாளரோட ஆல்பத்துலயும் கிடக்கு. அதை உலகம் பார்க்கப் போறது ஒரு போட்டோ வழியாத்தான். அந்தப் போட்டோவுல டியூப்லைட் மட்டும் இருந்தா எப்படி?

முதல்ல காசைப் பத்தி சொல்லிடறேன். பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரங்க புழக்கத்துல விட்ட செம்புக் காசுக்கு அவங்க வெச்ச பேரு தூதூ. வேற ஒண்ணும் இல்ல, நாம 'கையில துட்டு இல்லடா'ன்னு சொல்றோமே, அதே துட்டு. (அந்தத் துட்டே டச்சுக்காரன்கிட்டேர்ந்து தமிழுக்கு வந்த வார்த்தைன்னு அகராதி சொல்லுது. கடன் வாங்கின வார்த்தையைக் கடன் கொடுத்திருக்கோம்.) வெள்ளிக்காசுக்கு அவங்க சொன்ன ஃபனோன், நம்ம பணம். துட்டோட ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாவோட லில்லிப் பூ. இன்னொரு பக்கம் தமிழ் எழுத்துல, மூணு வரியா உடைச்சு, புதுச்சேரின்னு இருக்கும். 1836ஆம் வருஷத் துட்டுல லில்லி போய் சேவல் வந்துடுச்சு. 1830ல பாரிஸ்ல புரட்சி நடந்து ராஜா மாறினதுக்கு, நம்ம ஊர் மார்க்கெட்ல காய்கறி வாங்கின செம்புக்காசு சாட்சி. தமிழ்ப் பக்கம் மட்டும் மாறல. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நான், தேர்வுக்குன்னு இல்லாம ஆசைப்பட்டு எழுத்துக்கூட்டிப் படிச்ச முதல் தமிழ் எழுத்து அநேகமா அதுதான்.

இந்தத் துட்டு சின்னது, தடிச்சது, கையால அடிச்சது. அச்சு ஒரு பக்கமா விலகி விழுந்திருக்கும். பாதிக் காசுகள்ல 'பு' முழுசா இருக்காது, இல்லன்னா 'ரி' ஓரத்துல வெட்டிப் போயிருக்கும். நூத்துக்கணக்கான வருஷம் கை மாறித் தேய்ஞ்சு, எழுத்து மேடு மயிரிழை உயரத்துக்குத்தான் மிச்சம் இருக்கும். அந்த மேட்டைப் படிக்கிறதுக்கு வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரணும், நிழல் விழணும். ஃப்ளாஷ் போட்டா நேரா மேலேர்ந்து அடிக்கும். நிழலும் இல்ல, எழுத்தும் இல்ல. செம்பு கலர்ல ஒரு வட்டம், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம். 1736ல பாண்டிச்சேரி கவர்னரா இருந்த துய்மா, ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகிட்டேர்ந்து ரூபாய் அடிக்கிற உரிமை வாங்கினார். (ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சதும் அதே 1736தான்.) அப்படி அடிச்ச வெள்ளி ரூபாயில பாண்டிச்சேரி பேரே இருக்காது. பாரசீக எழுத்து, முகலாய பாதுஷா பேரு, ஆற்காடுங்கிற அக்கசாலைப் பேரு. சென்னையில இங்கிலீஷ்காரங்களும் அதே ஆற்காடு ரூபாயை அடிச்சாங்க. ரெண்டையும் எதை வெச்சுப் பிரிச்சுப் பார்க்கிறது? ஒரு சின்னக் குறி. பிரெஞ்சுக்காரங்க ரூபாயில பிறை, சென்னை ரூபாயில தாமரை. நகக்கண் அளவு கூட இல்லாத அந்த இடத்துல உங்க டப்பாவோட பளபளப்பு விழுந்திருந்தா, அந்தப் போட்டோவை வெச்சுக்கிட்டு அது எந்த ஊர்க் காசுன்னு யாராலும் சொல்ல முடியாது. ஊரே மாறிப்போற விஷயம்ங்க.

எழுத்து ஒண்ணு எவ்வளவு பெரிய விஷயம்னு தமிழ்நாட்டுக்குத் தெரியும். சங்ககாலத் தமிழ் மன்னர்கள் காசு அடிச்சாங்களா இல்லையான்னு ரொம்ப நாள் சந்தேகம் இருந்துச்சு. 'தினமலர்' ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980கள்ல ஒரு தேய்ஞ்ச செம்புக்காசுல தமிழ்-பிராமி எழுத்தைக் கண்டார். பெருவழுதி. பாண்டிய ராஜா பேரு. அந்தக் காசை இன்னிக்கு நானும் நீங்களும் பார்க்கிறது கையில எடுத்து இல்ல, புத்தகத்துல இருக்கிற படத்துல. அந்த எழுத்துமேல ஒரு வெள்ளைத் திட்டு விழுந்திருந்தா நாம அதை எப்படி நம்புவோம்?

தமிழுக்கு இன்னொரு தனிப் பிரச்சினை இருக்கு. நம்ம எழுத்துல புள்ளிக்கு அர்த்தம் உண்டு. 'ச' வேற, 'ச்' வேற. பிளாஸ்டிக் மேல இருக்கிற ஒரு தூசி, ஒரு ஒளிப்பொட்டு, சரியா எழுத்துக்கு மேல உக்காந்துட்டா அது புள்ளியா தூசியான்னு போட்டோவைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. பழைய கல்வெட்டுலயும் காசுலயும் புள்ளி வெச்சாங்களா இல்லையாங்கிறதே ஒரு ஆராய்ச்சி. நீங்க உங்க ரூம் லைட்டை வெச்சு அதுல புதுசா ஒரு புள்ளி சேர்க்க வேணாம்.

சரி, அப்ப டப்பாவைத் திறந்து காசை வெளிய எடுத்து போட்டோ எடுக்கலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் நான் சண்டைக்கு வர்றேன்.

திறக்காதீங்க. அதுலயும் சீல் பண்ணின டப்பா, சேகரிப்பாளர்கள் ஸ்லாப்னு சொல்றது, அதைக் கண்டிப்பா உடைக்காதீங்க. அமெரிக்காவுல 1980கள் கடைசியில பிசிஜிஎஸ், என்ஜிசின்னு ரெண்டு கம்பெனி வந்து, காசோட தரத்துக்கு 70 வரைக்கும் மார்க் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்குள்ள வெச்சு அல்ட்ராசோனிக் வெல்டிங்ல ஒட்டிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. உடைச்சா அந்த மார்க்குக்கு மதிப்பு போச்சு. அது பணப் பிரச்சினை. அதை விடுங்க. கை பட்டா விரல்ரேகை செம்புல பதிஞ்சு, கொஞ்ச நாள் கழிச்சு கறுப்பா வரும், துடைச்சா போகாது. நம்ம ஊர்ல கடல்காத்து வேற. உப்பும் ஈரமும் செம்பை என்ன பண்ணும்னு மெட்டலர்ஜி பேப்பர்ல எழுதி மார்க் வாங்கினவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

திறக்கிறதை விட மோசமான இன்னொண்ணு இருக்கு. போட்டோவுல பளிச்சுன்னு வரணும்னு புளி போட்டுத் தேய்க்கிறது. எலுமிச்சம்பழம், பாத்திரம் தேய்க்கிற பவுடர், டூத்பேஸ்ட். வீட்ல குத்துவிளக்கு தேய்க்கிற எல்லா ஆயுதமும் காசு மேல இறங்கும். தயவுசெஞ்சு வேணாம். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு கிடையாது. செம்பு காத்தோட சேர்ந்து தனக்குத் தானே போட்டுக்கிட்ட தோல் அது. புளி அதைக் கரைச்சு எடுத்துடும், கூடவே எழுத்தோட விளிம்பையும் மழுக்கிடும். அம்மாகிட்ட இதை சொன்னா 'கறை படிஞ்ச காசை சாமிகிட்ட எப்படிடா வைக்கிறது'ன்னு கேப்பாங்க. அவங்க கேள்வி நியாயம். சாமிக்கு வேற காசு வெச்சுக்கலாம்மான்னு சொல்லிப் பாருங்க.

திறக்கலாம்னு நான் சொல்ற ஒரே டப்பா, கடையில கிடைக்கிற மெத்து மெத்துன்னு இருக்கிற பிவிசி கவர். நோட்டுக்கு அட்டை போடுற பிளாஸ்டிக் மாதிரி ஒரு வாசனை அடிக்கும். வருஷக்கணக்குல அது பச்சையா பிசுபிசுன்னு ஒண்ணைக் கக்கும், ஆசிடும் விடும், காசை அரிக்கும். அதுல இருந்தா விளிம்பைப் பிடிச்சு எடுத்து, அட்டையில பாலியெஸ்டர் ஜன்னல் வெச்சு ஸ்டேப்ளர் அடிக்கிற ஹோல்டர் வருதே, அதுக்கு மாத்திடுங்க. வட்டமா வர்ற அக்ரிலிக் கேப்ஸ்யூலும் நல்லது. மாத்துறப்ப வேணும்னா ரெண்டு போட்டோ எடுத்துக்கலாம், நான் பார்க்கலன்னு நினைச்சுக்கிறேன்.

இப்ப டப்பாவுக்குள்ளயே எப்படி எடுக்கிறது. இதுக்கு எட்டாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும், ஆனா அதை யாரும் யூஸ் பண்றதில்ல. பிளாஸ்டிக் ஒரு தட்டையான கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு பரப்புலயும் தன்மேல விழுற வெளிச்சத்துல சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மேல் பரப்பு ஒண்ணு, கீழ்ப் பரப்பு ஒண்ணு, ஆக கிட்டத்தட்ட 8. '8 தானே'ன்னு தோணும். ஆனா அந்த 8 டியூப்லைட்டோட முழு உருவத்தோட நேரா கேமராவுக்கு வருது. தேய்ஞ்ச பழுப்புச் செம்போ, வாங்கின வெளிச்சத்துல பாதிக்கு மேல முழுங்கிட்டு, மிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைச்சு விடுது. கேமராவுக்கு வர்ற பங்கு ரொம்பக் கம்மி. அதனால டியூப்லைட் ஜெயிக்குது.

ஆனா தட்டைக் கண்ணாடிக்கு ஒரு பலவீனம் இருக்கு. படுகோணம் எவ்வளவோ அதே கோணத்துலதான் திருப்பி அனுப்பும், ஏமாத்தத் தெரியாது. மொபைல் நேரா மேல இருந்து கீழ பார்க்குதுன்னு வெச்சுக்கோங்க. பக்கத்துல சாய்வா ஒரு விளக்கு வெச்சா, பிளாஸ்டிக் அந்த வெளிச்சத்தை எதிர்ப்பக்கமா சாய்வா அனுப்பிடும், மொபைலுக்கு வராது. காசோ தட்டை இல்ல. எழுத்தோட சரிவு, லில்லிப் பூவோட இதழ், எல்லாம் ஒவ்வொரு கோணத்துல சாய்ஞ்சிருக்கு. அதுல சில சரிவுகள் பக்கத்து வெளிச்சத்தைப் பிடிச்சு நேரா மேல அனுப்பும். பிளாஸ்டிக் ஒதுங்கிக்கும், காசு பேசும். மொத்த ரகசியமும் இதுதான். பத்தாயிரம் ரூபாய் லைட் தேவையில்ல. படிக்கிற டேபிள் லேம்ப் ரெண்டு போதும், ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன்கிட்ட ஒண்ணு கடன் வாங்குங்க. கடிகாரத்துல 10 மணி, 2 மணி இருக்கிற திசையில வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா உயரத்தை மாத்திப் பாருங்க. தேய்ஞ்ச காசுன்னா ஒரே லேம்ப், நல்லா தாழ்வா. எழுத்து எழும்பி நிக்கும் பாருங்க, முதல் தடவை பார்க்கிறப்ப நிஜமாவே கொஞ்சம் புல்லரிக்கும்.

ரூம் லைட்டை அணைச்சுடுங்க. ஃபேனையும் அணைங்க, ஃபேன் இறக்கையும் பிளாஸ்டிக்ல தெரியும். அப்பவும் ஒண்ணு மிச்சம் இருக்கும். கேமரா நேரா மேல இருந்து பார்க்கிறதால பிளாஸ்டிக் நேரா காட்டுறது கேமராவையேதான். உங்க மொபைல் கவர், அதுல இருக்கிற தல படம், உங்க மூஞ்சி, எல்லாம் காசு மேல ஆவி மாதிரி மிதக்கும். ஸ்டேஷனரி கடையில கறுப்பு சார்ட் பேப்பர் ஒண்ணு வாங்கி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, மொபைலுக்கு முன்னாடி பிடிங்க. இப்ப பிளாஸ்டிக்குக்குத் திருப்பிக் காட்ட கறுப்பைத் தவிர ஒண்ணும் இல்ல.

ரொம்பக் கிட்டப் போகாதீங்க. கிட்டப் போனா பல மொபைல்கள் தானாவே மேக்ரோ மோடுக்கு மாறி, வைட் லென்ஸ்ல எடுத்து, வட்டக் காசை கோழிமுட்டை ஆக்கிடும். ஒரு முழம் தள்ளி நின்னு ரெண்டு மடங்கோ மூணு மடங்கோ ஜூம் பண்ணுங்க. டைமர் போட்டுட்டுக் கையை எடுங்க. ஸ்டாண்டு இல்லன்னா ரெண்டு அடுக்கு ரெக்கார்டு நோட்டு மேல ஸ்கேல் வெச்சு மொபைலை வைங்க. ரெக்கார்டு நோட்டால கிடைக்கிற உருப்படியான பயன்.

இந்த இடத்துல நம்ம டிபார்ட்மென்ட் ஜீனியஸ்கள் கேக்கிற கேள்வி ஒண்ணு வரும். 'போலரைசர் போட்டா முடிஞ்சதே மச்சான்?' முடியாது மச்சான். ஏன்னு யோசிச்சா அழகான விஷயம். போலரைசர் ஃபில்டர் ஒழுங்கா வேலை செய்யறது ப்ரூஸ்டர் கோணத்துக்குப் பக்கத்துல, அக்ரிலிக்குக்கு அது சுமார் 56 டிகிரி. நாம நேரா மேல இருந்து எடுக்கிறோம், அங்க ஃபில்டருக்கு வேலையே இல்ல. சரி, லைட்டுக்கு ஒரு போலரைசர், லென்ஸுக்குக் குறுக்கா இன்னொரு போலரைசர்னு போட்டா? பிளாஸ்டிக் பளபளப்பு போகும். கூடவே காசோட பளபளப்பும் போகும், ஏன்னா உலோகமும் பளபளப்பா அனுப்புற வெளிச்சத்துல போலரைசேஷனை மாத்தாது. காசு, சிமெண்ட்ல செஞ்ச மாதிரி செத்துப்போய் இருக்கும். அதோட டப்பா மேல வானவில் வரும். மோல்டுல ஊத்தி இறுகினப்ப பிளாஸ்டிக்குள்ள தங்கிப்போன ஸ்ட்ரெஸ் அது. ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் லேப்ல போட்டோஎலாஸ்டிசிட்டின்னு பார்த்தோமே, அதேதான். இங்க தொழிற்பேட்டையில இன்ஜெக்ஷன் மோல்டிங் பக்கம் இன்டர்ன்ஷிப் போனவங்க அந்த வானவில்லைப் பார்த்தே கேட் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சொல்லிடுவாங்க. லேப் வைவாவுக்கு சூப்பர். துட்டைப் படிக்க உதவாது.

ஜெராக்ஸ் கடை ஸ்கேனரும் அப்படித்தான். டப்பா காரணமா காசு கண்ணாடியில இருந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்கி நிக்கும். இப்ப வர்ற மெலிசு ஸ்கேனர் நிறைய அந்த ஆழத்துலயே மங்கிடும்.

டப்பா மேல கீறல் இருந்தா என்ன பண்றது? துணியால தேய்ச்சு இன்னும் நாலு கீறல் போடாதீங்க. மொபைலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி ஒண்ணு, வலப்பக்கம் நகர்த்தி ஒண்ணு எடுங்க. கீறல் பிளாஸ்டிக் மேல இருந்தா ரெண்டு படத்துலயும் காசோட வேற வேற இடத்துல நிக்கும். காசு மேலயே இருந்தா நகராது. ஆட்டோவுல போறப்ப பக்கத்து மரம் ஓடும், தூரத்து மலை ஓடாதுல்ல, அந்தக் கதை. இதை வாங்குறவங்க தெரிஞ்சு வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. ஒருத்தர் ஒரே ஒரு போட்டோ அனுப்பி 'அது டப்பாவுல இருக்கிற கீறல் சார்'னு சொன்னா, 'இன்னொண்ணு நகர்த்தி எடுத்து அனுப்புங்க'ன்னு கேளுங்க. எனக்கு ஒரு விற்பனையாளர் அப்படி அனுப்பின படத்துல கீறல் நகரவே இல்ல. அவரும் அதுக்கப்புறம் பேசவே இல்ல.

இங்கதான் இது வெறும் போட்டோ டிப்ஸ் இல்லாம போகுது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஒரு மரியாதை வந்துடுச்சு. டப்பாவுல இருந்தாலே அசல், லேபிள் இருந்தாலே விலை அதிகம்னு நாம நம்பறோம். டப்பாவே போலியா வருது, லேபிளோட சேர்த்து. அதனாலதான் அந்தக் கம்பெனிகளே தங்களோட வெப்சைட்ல நம்பரைப் போட்டு சரிபார்க்கச் சொல்றாங்க. பல காசுகளுக்கு அங்க படமும் இருக்கும், அதை உங்க கையில இருக்கிறதோட ஒப்பிடுங்க. இன்னொரு பக்கம் யூடியூப். 'இந்த அஞ்சு ரூபாய் நோட்டு உங்ககிட்ட இருந்தா நீங்க லட்சாதிபதி'. தம்ப்நெயில்ல டப்பாவுக்குள்ள ஒரு காசு, மேல சிவப்பு அம்புக்குறி. நம்ம அப்பா அம்மா தலைமுறை இதை நம்பி, 'கமிஷன்', 'வரி'ன்னு முன்பணம் கட்டி ஏமாந்திருக்காங்க. ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல, எங்க பேரைச் சொல்லி பழைய நோட்டு, காசுக்கு யாராவது கமிஷன் கேட்டா கொடுக்காதீங்க, நாங்க அந்த வேலை செய்யறதில்லன்னு அறிவிப்பு விட்டுச்சு. காசைத் தெளிவாக் காட்டாத ஒரு படம் அந்த மோசடிக்கு மூலதனம். தெளிவா இருந்தா, கொஞ்சம் விவரம் தெரிஞ்ச யாராவது 'இது சாதாரணம் தம்பி'ன்னு சொல்லிடுவாங்க. மங்கலா இருக்கிற வரைக்கும்தான் அது லட்சம்.

அடுத்தது மொபைலோட கைவரிசை. ஏஐ என்ஹான்ஸ், ஷார்ப்பன், 'மங்கின படத்தைத் தெளிவாக்கும்' ஆப். 2023ல சாம்சங் போன் நிலாவை எடுக்கிறப்ப, லென்ஸ் பார்க்காத பள்ளங்களைக் கூட சாஃப்ட்வேர் சேர்க்குதுன்னு ஒருத்தர் சோதிச்சுக் காட்டி உலகமே பேசுச்சு. வேணும்னே மங்கலாக்கின நிலாப் படத்தை ஸ்கிரீன்ல வெச்சு எடுத்தார், போன் தெளிவான நிலாவைக் கொடுத்துச்சு. நிலாவையாவது அதுக்குத் தெரியும். புதுச்சேரித் துட்டை அது எங்க பார்த்திருக்கப் போகுது? தேய்ஞ்ச 'சே'யைப் பார்த்தா அதுக்குத் தோணின ஒரு கோட்டைப் போட்டுக் கொடுக்கும். நாளைக்கு யாராவது அந்தப் படத்தை வெச்சு, 'இது வேற வகை அச்சு'ன்னு சண்டை போடுவாங்க. கலரும் அப்படித்தான். பழுப்புச் செம்பை ஆட்டோ மோடு ஆரஞ்சாக்கும். பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பர் துண்டு வைங்க, பார்க்கிறவங்களுக்கு எவ்வளவு மாறியிருக்குன்னாவது தெரியும். மத்தபடி ஃபில்டரெல்லாம் நம்ம சிம்போசியம் போட்டோவுக்கு வெச்சுக்கலாம், அங்க உண்மை தெரிஞ்சா யாருக்கும் நல்லதில்ல.

அழகா எடுக்கிறவங்களுக்கு நான் எதிரி இல்ல. நினைவு நாணயங்களைப் பார்த்திருப்பீங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் ஆயிரம் வருஷத்துக்கு 2010ல வந்த 1000 ரூபாய் காசு, 2024 ஆகஸ்ட்ல வந்த கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் காசு. இந்த மாதிரி காசுகளோட ப்ரூஃப் வகை, கண்ணாடி மாதிரி மெருகு போட்டு வரும். பிளாஸ்டிக் ஒரு கண்ணாடி, உள்ள இன்னொரு கண்ணாடி. கறுப்பு சார்ட் வித்தை அதுல மேஜிக் மாதிரி வேலை செய்யும். பின்னணி கறுப்பாகி, உருவம் மட்டும் வெள்ளையா எழுந்து நிக்கும். எடுங்க, ஸ்டேட்டஸ் வைங்க. ஆனா அது ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி இருக்கிற காசு. உங்க படம் கெட்டாலும் வேற படம் இருக்கு. கையால அடிச்ச துட்டு ஒவ்வொண்ணும் தனி. உங்க பாட்டி வெச்சிருக்கிறது மாதிரி இன்னொண்ணு கிடையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. புதுச்சேரிக் காசைப் பத்தி இன்டர்நெட்ல தேடிப் பாருங்க. நல்ல படம் எல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சு நாணய வியாபாரிகளோட பக்கத்துல இருந்தும் வெளிநாட்டு ஏலத்துல இருந்தும்தான் வரும். லில்லிப் பூ பக்கம் பளிச்சுன்னு இருக்கும். தமிழ்ப் பக்கம் சிலதுல தலைகீழா இருக்கும், அவங்களுக்கு எது மேல எது கீழன்னு தெரியல. பாவம், அவங்க தப்பு இல்ல. அதை நேரா வைக்கத் தெரிஞ்சவங்க நாம. நம்ம கையில காசும் இருக்கு, மொபைலும் இருக்கு, 'பு' எந்தப் பக்கம்னும் தெரியும். நூறு வருஷத்துக்கு மேல பழசான காசு 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு அனுமதி இல்லாம வெளிய போகக் கூடாது. ஆனா போட்டோ போகலாம். போகணும்.

ஒரு எதிர்க்கருத்தையும் சொல்லிடறேன், அது நியாயமானதும் கூட. வீட்ல பழைய காசு இருக்குன்னு படம் போட்டா திருடன் வருவானே, உறவுக்காரங்க பங்கு கேப்பாங்களேன்னு பெரியவங்க பயப்படுவாங்க. லொக்கேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க, பின்னணியில வீட்டுச் சுவர், காலண்டர், ரேஷன் கார்டு எதுவும் தெரிய வேணாம். யாரோடதுன்னு எழுத வேணாம். தேய்ஞ்ச துட்டு ஒண்ணும் பெரிய விலை போறதில்லங்கிறதையும் அவங்ககிட்ட சொல்லலாம். பங்கு கேக்கிற சித்தப்பாவுக்கு அது போதும்.

இந்தப் பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போறப்ப பீரோவைக் கொஞ்சம் குடைஞ்சு பாருங்க. பாண்டி, காரைக்கால் பக்கத்து ஆளுங்க கண்டிப்பா. பாட்டிகிட்ட கேளுங்க, அம்மாவை விட பாட்டிக்குத்தான் தெரியும். துட்டு ஒண்ணு கிடைச்சா, டப்பாவுல இருந்தா டப்பாவோடயே, ரெண்டு பக்கமும், பக்கத்துல மில்லிமீட்டர் ஸ்கேல் வெச்சு, லைட்டை இடப்பக்கம் வெச்சு ஒண்ணு, வலப்பக்கம் வெச்சு ஒண்ணுன்னு நாலு படம் எடுங்க. டப்பாவுல இல்லாத காசுன்னா நகைக்கடைத் தராசுல எடை பார்த்து எழுதிக்கோங்க, போட்டோ சொல்லாத விஷயத்தை கிராம் சொல்லும். எடிட் பண்ணாம, வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாம, டாக்குமென்ட்டா இதழோட மெயிலுக்கு அனுப்புங்க. வாட்ஸ்அப் படத்தைப் பிழிஞ்சு அனுப்பினா 'ரி'யோட சுழி காணாமப் போயிடும். வர்றதை எல்லாம் ஊர் பேரு மட்டும் போட்டு அடுத்த இதழ்ல ஒரு பக்கமா அடுக்கலாம்னு எடிட்டர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். அவர் எத்தனை வரும்னு கேட்டார். தமிழ்ப் பக்கம் நேரா இருக்கிற மாதிரி நாலு வந்தா கூடப் போதும்னு சொல்லியிருக்கேன்.